நான்கு நாள் பள்ளி வாரம்: ஐந்தாவது நாளுக்கு யார் பொறுப்பு?

கேள்வி இதுதான்: "தம்பி குடும்பம் அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தில், கான்சஸ் சிட்டி பக்கம் இருக்கிறது. பெரியவள் எட்டாம் வகுப்பு, சின்னவன் ஒன்றாம் வகுப்பு. அவர்களுடைய பள்ளி மாவட்டம் திங்கட்கிழமை விடுமுறை விட்டு, வாரம் நான்கு நாள் மட்டும் பள்ளி நடத்தலாமா என்று யோசிக்கிறதாம். படிப்பு கெடுமா? வீட்டையே வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிடலாமா என்று கேட்கிறான். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

நான் கொலராடோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் பிள்ளைகள் இருவரும் நான்கு நாள் பள்ளியில் படித்தவர்கள். பள்ளி மாவட்டம் என்றால் நம் ஊர் மாவட்டம் இல்லை, ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு. இந்த மாநிலத்தில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் பெற்றோர்கள் இருக்கும் பொறுப்புக் குழு ஒன்று உண்டு, வரவு செலவுத் திட்டத்தில் செலவு முன்னுரிமை பற்றி யோசனை சொல்வது அதன் வேலை. அதில் மூன்று வருடம் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தம்பி வீடு மாற்ற அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு கணக்கைப் போடச் சொல்லுங்கள். இப்போது பிள்ளை வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பள்ளியில் இருக்கிறது, புது அட்டவணையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? படிப்பு கெடுமா என்ற கேள்விக்குப் பதில் பெரும்பாலும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. அடுத்து, திங்கட்கிழமை பிள்ளை எங்கே இருக்கும், யாரோடு, யார் செலவில் என்று கேட்கச் சொல்லுங்கள். மாவட்டம் இதற்குத் தெளிவாகப் பதில் சொன்னால் பாதிக் கவலை போய்விடும்.

ஏன் மாறுகிறார்கள் என்று புரிந்துகொண்டால் மற்றது எளிது. பிள்ளைகளுக்கு ஓய்வு வேண்டும், குடும்பத்தோடு நேரம் வேண்டும் என்றெல்லாம் அறிவிப்பில் எழுதுவார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் எனக்குத் தெரிந்து எந்த மாவட்டமும் அதற்காக இந்த மாற்றத்தைத் தொடங்கியதில்லை. தொடக்கம் எப்போதும் பணம். அல்லது பணத்தோடு ஒட்டிய ஆசிரியர் பஞ்சம்.

1930-களிலேயே தெற்கு டகோட்டாவில் இப்படி ஒரு முயற்சி நடந்ததாகச் சொல்வார்கள். ஆனால் இது நிலைத்து வேர் பிடித்தது 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு. நியூ மெக்சிகோவில் சிமரான் என்ற சின்ன ஊர். பஸ்ஸுக்கு டீசல், கட்டடத்துக்குச் சூடேற்றும் எரிபொருள் இரண்டும் விலை ஏறியபோது, ஒரு நாள் பள்ளியைப் பூட்டினால் அந்தச் செலவு மிச்சம் என்று ஆரம்பித்தார்கள். பல வருடம் கழித்து இலங்கையிலும் இதே மாதிரி நடந்தது. 2022-ல் பெட்ரோல் டீசல் இல்லாமல் பள்ளி நாட்களைக் குறைத்தார்கள். அங்கே அது அவசர ஏற்பாடு, நெருக்கடி தணிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பினார்கள். சிமரானில் எண்ணெய் விலை இறங்கிய பிறகும் பழக்கம் மாறவில்லை. 1980-களில் கொலராடோ சட்டமே இடம் கொடுத்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநிலங்கள் பள்ளிப் பணத்தை வெட்டியபோது வேகம் பிடித்தது. 1999-ல் நாடு முழுக்க 257 பள்ளிகள்தான் இப்படி நடந்தன. 2019-ல் அது 1,607 ஆனது, 24 மாநிலங்களில் 662 மாவட்டங்கள். கோவிடுக்குப் பிறகு மாவட்ட எண்ணிக்கை சுமார் 900-ஐத் தொட்டது. கொலராடோவில் உள்ள 178 மாவட்டங்களில் 110-க்கும் மேல் நான்கு நாள்தான்.

இந்த எண்களைப் பார்த்ததும் பாதி அமெரிக்கா மாறிவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை. இவற்றில் பெரும்பாலானவை மிகச் சின்ன மாவட்டங்கள். சிலவற்றில் மொத்தமே நூறு இருநூறு பிள்ளைகள்தான். அங்கே வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்று தெரிந்தால்தான் அவர்கள் ஏன் இதை விரும்புகிறார்கள் என்று புரியும். பக்கத்துப் பள்ளியோடு கால்பந்துப் போட்டி என்றால் 100 மைல் போக வேண்டும். மதியமே விளையாடுகிற பிள்ளைகள் பஸ் ஏறிவிடுவார்கள், பயிற்சியாளராக இருக்கிற கணக்கு ஆசிரியரும் அவர்களோடு போய்விடுவார். மீதிப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு புதுப் பாடம் நடத்த முடியாது. பல் மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மணி நேரம் கார் ஓட்டி நகரத்துக்குப் போக வேண்டும், அதற்கும் ஒரு நாள் லீவு. பண்ணை வீடுகளில் பிள்ளைகளுக்கு வேலை இருக்கும், பார்த்துக்கொள்ளப் பாட்டி தாத்தாவும் இருப்பார்கள். அதாவது அந்த ஐந்தாவது நாள் ஏற்கெனவே பாதி கழன்றுதான் இருந்தது. அதை முழுசாக எடுத்துவிட்டு மற்ற நான்கு நாட்களையும் ஒரு மணி நேரம் நீட்டுவது அவர்களுக்கு நியாயமான ஏற்பாடு. கிராமத்து மாவட்டங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

உங்கள் தம்பி இருப்பது நகரத்து ஓரம். அங்கே கதை வேறு.

நகர்ப்புறத்தில் இதைப் பெரிய அளவில் முதலில் செய்தவற்றில் ஒன்று டென்வருக்கு வடக்கே பிரைட்டனைத் தலைமையிடமாகக் கொண்ட 27ஜே மாவட்டம். 2018-ல், ஏறக்குறைய 18,000 பிள்ளைகளோடு, திங்கள் விடுமுறைக்கு மாறினார்கள். கொலராடோவில் 1992-லிருந்து ஒரு அரசியல் சட்டத் திருத்தம் இருக்கிறது, வாக்காளர் ஒப்புதல் இல்லாமல் வரியை ஏற்ற முடியாது. பள்ளிக்குக் கூடுதல் சொத்து வரி வேண்டும் என்று அந்த மாவட்டம் வாக்குக்கு விட்டுத் திரும்பத் திரும்பத் தோற்றது. பக்கத்து மாவட்டங்கள் கூடுதல் சம்பளம் கொடுத்து ஆசிரியர்களை இழுத்துக்கொண்டன. பணம் கொடுக்க முடியாத இடத்தில் ஒரு நாளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்கு நான்கு ஆண்டு கழித்து, 2022-ல்தான் வாக்காளர்கள் கூடுதல் வரிக்குச் சம்மதித்தார்கள்.

அந்த ஒரு நாள் ஆசிரியர்களைக் கட்டிப்போட்டதா? 27ஜே-யைப் பக்கத்து மாவட்டங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், மாற்றத்துக்குப் பிறகு ஆசிரியர்கள் நிலைத்திருப்பது கூடவில்லை, சற்றுக் குறைந்தது என்று கண்டார்கள். அந்த மாவட்டத்து வீட்டு விலையும் பக்கத்து ஊர்களோடு ஒப்பிட்டால் 2 முதல் 4 சதவீதம் பின்தங்கியது. மிசௌரியில் செய்த ஆய்விலும் ஆசிரியரைப் பிடித்து வைப்பதில் பெரிய பலன் தெரியவில்லை. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். முதலில் மாறுகிற மாவட்டத்துக்கு ஒரு கவர்ச்சி இருக்கும், விண்ணப்பங்கள் குவியும். சுற்றியுள்ள எல்லோரும் மாறிவிட்டால் எல்லோரும் பழையபடி சமம், சம்பள வித்தியாசம் மட்டும் அப்படியே நிற்கும். மிசௌரியில் இப்போது மூன்றில் ஒரு பங்கு மாவட்டங்கள் நான்கு நாள்தான், அதனால் இது அங்கே ரொம்பப் பொருந்தும்.

செலவு மிச்சம் பற்றியும் தம்பி ஒன்றைத் தெரிந்துகொள்ளட்டும், கூட்டத்தில் கட்டாயம் இது பேசப்படும். ஐந்தில் ஒரு நாள் போனால் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 சதவீதம் மிச்சமாகும் என்று பலர் நினைக்கிறார்கள். 2011-ல் வந்த ஒரு கணக்கீடு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்தாலும் உச்சபட்சம் 5.43 சதவீதம்தான் மிச்சம் பிடிக்க முடியும் என்றது. உண்மையில் மாறிய மாவட்டங்களில் கிடைத்தது 0.4 முதல் 2.5 சதவீதம் வரை. பள்ளிச் செலவில் மிகப் பெரிய பங்கு சம்பளமும் படிகளும். ஆசிரியர் சம்பளத்தைக் குறைக்கப் போவதில்லை. கட்டடத்துக்கும் கடனுக்கும் காப்பீட்டுக்கும் கட்டுவது மாறாது. மிச்சமாவது பஸ் ஓட்டம், கேன்டீன், கரண்ட், மாற்று ஆசிரியர் கூலி ஆகியவற்றில்தான்.

இந்த வரிகளைக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தபோது எனக்கு நெருடியது ஒன்று. பஸ் ஓட்டத்தில் மிச்சம் என்றால் பஸ் ஓட்டுநருக்கு ஒரு நாள் கூலி போகிறது. கேன்டீனில் மிச்சம் என்றால் அங்கே சமைக்கிற, பரிமாறுகிற பெண்களின் ஒரு நாள் சம்பளம். இவர்கள் மணிக் கணக்கில் கூலி வாங்குபவர்கள், மாவட்டத்திலேயே குறைந்த வருமானம் உள்ளவர்கள். மாவட்டம் முழுவதற்குமான சேமிப்பில் கணிசமான பகுதி அவர்கள் பையிலிருந்து வருகிறது. வேறு வேலை கொடுத்து அந்த மணி நேரத்தை ஈடுகட்டும் மாவட்டங்களும் உண்டு. அப்படிச் செய்தால் சேமிப்பு இன்னும் சுருங்கும், ஆனால் அதுதான் நேர்மை.

படிப்புக்கு வருவோம். ஆரம்ப காலத்து ஆய்வுகள் நம்பிக்கை தருவதாக இருந்தன. 2015-ல் கொலராடோ தொடக்கப் பள்ளிகளை வைத்து வந்த ஒரு ஆய்வு கணக்கில் தேர்ச்சி கூடியதாகவே சொன்னது. இன்றைக்கும் நான்கு நாள் வாரத்தை ஆதரிப்பவர்கள் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். பிறகு ஒரேகான் மாநிலத் தரவை வைத்து 2021-ல் வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. கணக்கு, வாசிப்பு இரண்டிலும் மதிப்பெண் இறங்கியிருந்தது. இறக்கம் சின்னதுதான், ஒரு பிள்ளையை மட்டும் பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அந்த மாநிலத்தில் நான்கு நாள் பள்ளிப் பிள்ளைகள் வாரத்துக்கு 3 முதல் 4 மணி நேரம் குறைவாகப் பள்ளியில் இருந்தார்கள். நாள் நீண்டது, ஆனால் போன நாளை ஈடுகட்டும் அளவுக்கு நீளவில்லை. அடுத்து பல மாநிலங்களைச் சேர்த்துப் பார்த்தபோது படம் தெளிவானது. மொத்தப் பள்ளி நேரத்தைக் காப்பாற்றிய மாவட்டங்களில் பெரிய சரிவு இல்லை, நேரத்தை விட்டுக்கொடுத்த மாவட்டங்களில்தான் சரிவு. மிசௌரியையும் சேர்த்து ஆறு மாநிலப் பிள்ளைகளின் மதிப்பெண்ணைத் தொடர்ந்து பார்த்த இன்னொரு ஆய்வில், கிராமப்புறத்தைவிட நகரம், நகரத்து ஓரம் சார்ந்த பள்ளிகளில் பாதிப்பு அதிகம். மிசௌரி கல்வித் துறைக்காகச் செய்த ஆய்வு, மாநிலம் முழுவதற்கும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றது உண்மைதான். ஆனால் அங்கே மாறியவற்றில் பெரும்பாலானவை கிராமத்து மாவட்டங்கள் என்பதை மறக்கக் கூடாது.

அதனால்தான் மணிக் கணக்கைப் போடச் சொன்னேன். இதற்குச் சட்டத்தில் ஒரு சந்து இருக்கிறது. நம் இந்தியக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 200 வேலை நாள், 800 மணி நேரம் என்று இரண்டையும் சொல்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் நாள் கணக்கைத் தளர்த்திவிட்டு மணி நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டன. மிசௌரியில் வருடத்துக்கு 1,044 மணி நேரம். டெக்சாஸில் நிமிடத்தில் எழுதியிருக்கிறார்கள், 75,600 நிமிடம். பழைய ஐந்து நாள் அட்டவணையில் பல மாவட்டங்கள் இந்தக் குறைந்தபட்சத்துக்கு மேலே கொஞ்சம் கூடுதலாகவே நடத்திக்கொண்டிருந்தன. நான்கு நாளுக்கு மாறும்போது அந்தக் கூடுதலை உதிர்த்துவிட்டு, சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல முடியும். பொய்யும் இல்லை. ஆனால் பிள்ளைக்கு வருடத்தில் நூறு மணி நேரம் போயிருக்கலாம். "சட்டம் கேட்கும் நேரத்தை நிறைவு செய்கிறோம்" என்று மாவட்டம் சொன்னால் அதோடு விடாமல், "போன வருடம் எத்தனை மணி நேரம் நடத்தினீர்கள்?" என்று கேட்கச் சொல்லுங்கள்.

இரண்டு பிள்ளைகளுக்கும் இது ஒரே மாதிரி இருக்காது. எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குப் பெரும்பாலும் பிடித்துவிடும். ஓக்லஹோமா உயர்நிலைப் பள்ளிகளில் நான்கு நாளுக்கு மாறிய பிறகு ஒருவரை ஒருவர் சீண்டித் துன்புறுத்துவது சுமார் 39 சதவீதமும் அடிதடி சுமார் 31 சதவீதமும் குறைந்ததாக ஆய்வு இருக்கிறது. வளரும் பருவத்துப் பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. என் மகளும் அந்தக் கூடுதல் நாளில்தான் நிம்மதியாகத் தூங்கினாள், நிறைய வாசித்தாள். மறுபக்கமும் உண்டு. மேற்பார்வை இல்லாத பிள்ளைகள் தெருவில் இருக்கும் நாள் ஒன்று கூடுகிறது. கொலராடோவில் இளவயதினர் செய்த குற்றங்கள், அதிலும் சின்னச் சின்னத் திருட்டுகள், நான்கு நாள் மாவட்டங்களில் சுமார் 20 சதவீதம் கூடியதாக 2018-ல் ஓர் ஆய்வு வந்தது.

ஒன்றாம் வகுப்புப் பையனைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நாள் நீளும்போது பாதிக்கப்படுவது அந்த வயதுதான். காலை ஏழு மணிக்கு பஸ், குளிர்காலத்தில் அப்போது இன்னும் இருட்டு. மாலை திரும்ப நாலரை ஆகும். என் மகன் முதல் வருடம் பஸ்ஸிலேயே தூங்கிவிடுவான், வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிடுவான். நாளின் கடைசி ஒரு மணி நேரம் அந்த வயதுப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று அவனுடைய ஆசிரியையே சொன்னார், அந்த நேரத்தில் கதை படித்துக் காட்டுவார். அப்புறம் மூன்று நாள் இடைவெளிக்குப் பின் வருகிற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிப்பதை மறுபடி தடவிப் பிடிக்க வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்வது நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கூட்டிவிட்டதால் அது ஈடாகாது. பேச்சுப் பயிற்சி மாதிரி சிறப்பு உதவி பெறும் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். அப்படி ஏதாவது உதவி கிடைத்துக்கொண்டிருந்தால், வாரத்துக்கு எத்தனை அமர்வு என்பது குறையாமல் இருக்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சரி, திங்கட்கிழமை. கான்சஸ் சிட்டிக்குப் பக்கத்திலேயே இன்டிபென்டன்ஸ் மாவட்டம் இருக்கிறது, அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ட்ரூமன் வளர்ந்த ஊர். சுமார் 14,000 பிள்ளைகளோடு 2023-ல் திங்கள் விடுமுறைக்கு மாறினார்கள். சில பள்ளிகளைத் திறந்து வைத்து, நாளுக்கு 30 டாலர் கட்டணத்தில் டே கேர் நடத்தினார்கள். படிப்பில் பின்தங்கிய உயர்நிலைப் பிள்ளைகளுக்குத் திங்கள் அன்று கூடுதல் உதவியும் வைத்தார்கள். இதைப் பாராட்ட வேண்டும், பல மாவட்டங்கள் இந்த அளவுகூடச் செய்வதில்லை. ஆனால் முன்பு சொத்து வரியில் வந்த நாள் இப்போது தனியாகக் காசு கொடுத்து வாங்கும் நாளாகிவிட்டது. இரண்டு பிள்ளைகள், வருடத்துக்கு 35 திங்கள் என்று வைத்துக்கொண்டால் 2,100 டாலர். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் வேலையில் இருந்தால் சமாளிக்கலாம். கடையில் நின்று மணிக்கு 15 டாலர் வாங்கும் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகளின் கட்டணமே அன்றைய கூலியில் பாதி. அவள் வேலையை விடுவாள், அல்லது பத்து வயது அக்காவிடம் ஆறு வயதுத் தம்பியை விட்டுவிட்டுப் போவாள். நான்கு நாள் வாரம் வந்த இடங்களில் திருமணமான தாய்மார் வேலைக்குப் போவது குறைந்தது என்று ஆய்வே இருக்கிறது.

சாப்பாடும் இருக்கிறது. பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் இலவசமாகவோ குறைந்த விலையிலோ சாப்பிடும் பிள்ளைகள் கோடிக்கணக்கில் உண்டு. மதிய உணவும் சத்துணவும் பார்த்து வளர்ந்த நமக்கு, ஒரு பள்ளி நாள் போனால் தட்டில் என்ன போகும் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. சில மாவட்டங்கள் கடைசி நாளில் பையில் உணவு கட்டிக் கொடுக்கின்றன. தம்பியின் மாவட்டம் கொடுக்குமா என்று அவர் கேட்க வேண்டும். தன் பிள்ளைக்குத் தேவைப்படாவிட்டாலும் கேட்க வேண்டும்.

இதே நான்கு நாள் வாரம் ஷார்ஜாவில் 2022 ஜனவரியிலிருந்து நடக்கிறது, வெள்ளி சனி ஞாயிறு விடுமுறை. நம் ஆட்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஆனால் அங்கே அரசு அலுவலகங்களும் சேர்ந்தே நான்கு நாளுக்கு மாறின. அம்மா அப்பா அரசு வேலையில் இருந்தால் பிள்ளையோடு அவர்களுக்கும் விடுமுறை. மிசௌரியில் அலுவலகம் திங்கட்கிழமை வழக்கம்போலத் திறந்திருக்கும்.

தம்பி குடும்பத்துக்கென்று தனியாக ஒன்று. மனைவி, வேலை விசாவில் இருப்பவரின் துணைக்குக் கொடுக்கும் எச்-4 விசாவில் வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தால் திங்கட்கிழமையைச் சமாளித்துவிடுவார்கள். உண்மையில் நம் குடும்பங்களில் நடப்பது, அந்த நாள் கணக்கு வகுப்பும் நீச்சலும் பாட்டும் என்று நிரம்பிவிடும். சனி, ஞாயிறில் தமிழ்ப் பள்ளிக்கு நெருக்கடி குறையும், அது நல்லதுதான். ஆனால் பிள்ளைகள் ஓய்வெடுக்கத்தான் இந்த நாள் என்று சொல்லிக்கொண்டு அதை நாமே நிரப்பிவிடக் கூடாது. பெரியவளுக்காவது காலை முழுக்க எதுவும் இல்லாமல் விட்டுவைக்கட்டும்.

வீடு மாற்றுவதா என்றால், இப்போதைக்கு வேண்டாம் என்பேன். மிசௌரியில் 2024-ல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. 30,000-க்கு மேல் மக்கள் இருக்கும் ஊர்களிலும் பெரிய கவுன்டிகளிலும் (மாநிலத்தின் நிர்வாகப் பிரிவுகள்) உள்ள பள்ளி மாவட்டங்கள் நான்கு நாள் வாரத்துக்கு வாக்காளர் ஒப்புதல் வாங்க வேண்டும். வருடத்துக்கு 169 நாளாவது பள்ளி நடத்தும் மாவட்டங்களுக்குக் கூடுதல் பணமும் உண்டு. ஆகவே நகரத்து ஓரத்தில் இது ஒரு ராத்திரியில் நடந்துவிடாது. குடியுரிமை இல்லாவிட்டால் தம்பி வாக்களிக்க முடியாது. ஆனால் பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் கருத்துச் சொல்ல நேரம் ஒதுக்கும்போது பெயர் கொடுத்துவிட்டுப் பேசலாம், பிள்ளை அங்கே படிக்கிறது என்பது போதும். மூன்று நிமிடம் மாதிரிதான் கிடைக்கும். நம்மவர்கள் அதில் எழுந்து பேசத் தயங்குகிறார்கள், தயங்க வேண்டிய காரணமே இல்லை.

அந்த மூன்று நிமிடத்தை நல்லதா கெட்டதா என்ற வாதத்தில் செலவழிக்க வேண்டாம். போன வருடம் எத்தனை மணி நேரம், புது அட்டவணையில் எத்தனை. ஒன்றாம் வகுப்புக்கு நாள் எத்தனை மணிக்கு முடியும். திங்கள் டே கேரில் எத்தனை இடம், கட்டணம் கட்ட முடியாதவர்களுக்குச் சலுகை உண்டா. சாப்பாட்டுப் பை உண்டா. பஸ் ஓட்டுநருக்கும் கேன்டீன் ஊழியருக்கும் போகும் மணி நேரத்தை எப்படி ஈடுகட்டுவார்கள். இரண்டு வருடம் கழித்து மதிப்பெண் இறங்கினால் திரும்ப ஐந்து நாளுக்குப் போவோம் என்று இப்போதே தீர்மானத்தில் எழுதுவார்களா. கடைசிக் கேள்விக்கு எங்கள் ஊரில் யாரும் பதில் சொல்லவில்லை. குடும்பங்கள் பழகிவிட்ட பிறகு திரும்புவதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அதனால் அதை முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள்.